கண்மாய்ப் படகுக்கு ஒரு கண்ணாடி

எங்கள் ஊருக்குப் படகு ரயிலில் வந்தது.

சும்மா அளக்கவில்லை. ராஜபாளையம் ஸ்டேஷனில் பருத்தி மூட்டை ஏற்றும் திறந்த வேகன் ஒன்றில், கயிறு போட்டுக் கட்டி, தென்னங்கீற்றால் மூடி, கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்த சுரங்கங்களை எல்லாம் தாண்டி வந்து நின்றது. கீற்றை உருவியதும் கூடியிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். நானும் பிளந்தேன். படகின் நடுவில் ஓர் அறை. அதற்கு ஒரு கதவு, வளைந்த மரக்கூரை, பக்கத்துக்கு இரண்டு சன்னல். சன்னலில் கண்ணாடி.

"ஏலே, இது கப்பலாலே?"

"கப்பல்னா புகைக்கூண்டு இருக்கும்லா. இது தண்ணில போற வில்வண்டி."

வில்வண்டி என்று சொன்னவன் யாரோ தெரியாது. ஆனால் விஷயத்தை அவன்தான் சரியாகப் பிடித்தான் என்று பிறகு எனக்குத் தெரிந்தது.

எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். பத்திரிகை ஆசிரியர் ஏற்கெனவே வாராவாரம் கேட்டு என் உயிரை எடுக்கிறார். ரயில் எங்கள் ஊருக்கு வந்த பிறகு. சண்டை வந்து மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்க ஆரம்பித்ததற்கு முன்பு. பல வருஷமாக அரைகுறையாக நிரம்பிக்கொண்டிருந்த கண்மாய், ஐப்பசி மழையில் தளும்பி மறுகால் பாய்ந்த வருஷம். இதற்கு மேல் துல்லியம் வேண்டுமென்றால் அவர் வேறு ஆளைப் பார்க்கட்டும்.

புளிய மரம் செய்த வேலை

படகை வாங்கியவர் பருத்தி அரைக்கும் ஜின்னிங் பாக்டரி முதலாளி. வீட்டுக்குள் தெலுங்கு, வெளியில் தமிழ், கணக்குப்பிள்ளையைத் திட்டும்போது இரண்டும். நல்ல மனுஷர். ஆனால் ஒரு பொருளைக் கண்டால் உடனே வேண்டும். வாங்கிய பிறகு அதை மறந்துவிடுவார். கிராமபோன் வந்தது, இரண்டு மாதம் பாடியது, பிறகு அதன் குழாயில் பூனை குட்டி போட்டது. ஒரு வெள்ளைக் குதிரை வந்தது. அது கடைசியில் தண்ணீர் வண்டி இழுத்தது.

கொல்லத்துக்குப் பஞ்சு வியாபாரமாகப் போனவர், அங்கே காயலில் இப்படி அறை வைத்த படகுகள் போவதைப் பார்த்திருக்கிறார். உள்ளே பெண்கள் உட்கார்ந்து போனார்களாம். அவருக்கு அதுதான் பிடித்துப் போயிற்று. யாரோ விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பழைய படகு ஒன்றை வாங்கிவிட்டார்.

ஸ்டேஷனிலிருந்து பாக்டரிக்குக் கொண்டுபோக இரண்டு மாட்டு வண்டிகளைச் சேர்த்துக் கட்டினார்கள். தேர் இழுக்கிற மாதிரி கூட்டம். கொஞ்ச தூரத்தில் ஒரு வண்டிச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி, படகு சாய்ந்து, சாலையோரப் புளியமரக் கிளை ஒன்று வலது பக்கச் சன்னல்கள் இரண்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. கண்ணாடி தூள் தூளாகக் கொட்டியது.

இடது பக்கம் தப்பித்தது. அந்தச் சன்னல்களில் இருந்தது பால் கண்ணாடி. வெளிச்சத்தை விடும், உருவத்தை விடாது.

தட்டிக்குப் பின்னால்

இனி முதலாளியின் சம்சாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் ரங்கம்மா. என்னைவிட இரண்டொரு வயதுதான் மூத்தவராக இருப்பார். பையன்கள் மதுரையில் ஹாஸ்டலில் இருந்து படித்தார்கள். பிறந்த ஊர் சேத்தூர்ப் பக்கம் தேவதானம்.

அந்தக் காலத்தில் அந்த வீட்டுப் பெண்கள் வெளியே வரமாட்டார்கள். கோவிலுக்கோ பிறந்த வீட்டுக்கோ போவதென்றால் கூண்டு வைத்த வில்வண்டி. வண்டிக்கு முன்னும் பின்னும் படுதா. வண்டி தெருவில் வந்தால் ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். டீக்கடையில் இருப்பவர்கூடத் தம்ளரோடு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். யாரும் அதட்டிச் சொல்வதில்லை. அது ஒரு மரியாதை, ஊரோடு பழகிப்போனது.

வீட்டுக்கு வெளியே போக முடியாத இப்படிப்பட்ட பெண்களுக்கு எழுத்தும் தையலும் சொல்லிக்கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் சில கிறிஸ்தவப் பெண்களை வைத்திருந்தது. அதில் நான் ஒருத்தி. கையில் ஒரு பை, பைக்குள் அரிச்சுவடி, நூல்கண்டு, கொக்கி ஊசி. மூக்கில் மிஷன் ஆஸ்பத்திரி கொடுத்த மூக்குக் கண்ணாடி. ஊரில் எனக்குப் பெயரே கிடையாது. எல்லோருக்கும் டீச்சர்தான்.

இடையிடையே வேதக் கதையும் சொல்ல வேண்டும் என்பது மிஷனை நடத்திய வெள்ளைக்காரத் துரைசானியம்மாவின் உத்தரவு. ஒரு நாள் கதையில் படகு ஒன்று வந்தது. காற்று அடித்தது, அலை எழும்பியது, நான் குரலை ஏற்றி இறக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ரங்கம்மா ஊசியை நிறுத்தினார்.

"அந்தப் படகுல சன்னல் உண்டா டீச்சரு?"

"சன்னலா? இருக்காதும்மா. திறந்த படகு."

"அப்பம் அதுல உள்ளவியளுக்குத் தண்ணி நல்லாத் தெரிஞ்சிருக்கும்" என்றார். அதற்குப் பிறகு அன்று கதை நகரவில்லை.

அவருக்குத் தண்ணீர்ப் பைத்தியம். தேவதானத்தில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கண்மாயில் நீந்தியவர். இங்கே கல்யாணமாகி வந்த பிறகு தண்ணீர் என்றால் அண்டாவில் இருப்பதுதான். இத்தனைக்கும் அவர் சாப்பிட்ட அரிசி எங்கள் கண்மாய்த் தண்ணீரில் விளைந்தது. கறிச்சட்டியில் கிடந்த விரால் அந்தக் கண்மாயில் பிடித்தது. இரவில் தவளைச் சத்தம் கேட்டே, "இன்னைக்கு இன்னும் ஏறியிருக்கு" என்று சொல்லிவிடுவார். ஆனால் கண்மாயைப் பார்த்ததில்லை.

"ஆடி மாசம் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்குப் போறோம்லா. வருசா வருசம் வண்டிக்குள்ள இருந்தே சக்கரம் பாத்தேன், வடம் பாத்தேன். தேரப் பாக்கல டீச்சரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வாரம் முழுக்கப் புழுதியில் ஊர் சுற்றுகிறேனே என்று அலுத்துக்கொள்கிறவள் நான். அன்று வீட்டுக்கு நடந்தபோது அலுத்துக்கொள்ள வாய் வரவில்லை.

இல்லாவிட்டால் பலகை

படகு வந்து நாலைந்து நாளில் முதலாளி என்னைப் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"டீச்சரு, சனிக்கிழமை மிஷனுக்குப் போவியள்லா? அப்படியே தேரடிப் பக்கம் சாமிப் படத்துக்குச் சட்டம் போடுத கடையில படகுக்குக் கண்ணாடி பாத்துட்டு வாங்க."

"நானாய்யா? எனக்கு என்ன தெரியும்?"

"மூஞ்சியிலேயே போட்டிருக்கியளே, உங்களுக்குத் தெரியாதா?" என்று அவரே சிரித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டுப் பொம்பளைக உக்காரப் போற இடம். அத ஒரு பொம்பள பாக்கதுதான் சரி. அந்தப் பக்கம் இருக்கே, அதே மாதிரிப் பால் கண்ணாடி. எம்புட்டு ஆனாலும் சரி. உள்ள இருக்கவிய வெளியில தெரியக் கூடாது. கிடைக்கலைன்னா சொல்லுங்க, ஆசாரிய விட்டுப் பலகை அடிச்சிருவோம்" என்றார்.

பலகை என்ற சொல் என் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. பலகை அடித்த படகில் போவதற்கு சன்னலில்லாத வீட்டு அரங்கு அறையிலேயே உட்கார்ந்திருக்கலாம். பால் கண்ணாடி மட்டும் என்ன வாழ்ந்தது? வெள்ளை வெளேரென்று ஒரு சுவர்.

மத்தியானம் ரங்கம்மாவிடம் சொன்னேன். அவர் அரிச்சுவடியை மூடி மடியில் வைத்தார்.

"அவிய எனக்காவத்தான் வாங்கியிருக்காவ. அது எனக்குத் தெரியும். நான் எப்பமோ தண்ணி, தண்ணின்னு சொன்னத மனசுல வச்சிருந்திருக்காவ." அரிச்சுவடியின் ஓரத்தைத் தடவினார். "ஆனா தண்ணிமேல கொண்டுபோய் உக்கார வச்சிட்டுத் தண்ணியக் காட்டலைன்னா எப்படி? எனக்குத் தண்ணி தெரியணும் டீச்சரு. அதுக்கு என்ன கண்ணாடியோ அதப் பாருங்க."

அவர் கவலை வீண் கவலை இல்லை. தை பிறந்ததும் மடையைத் திறந்து தண்ணீர் பாய்ச்ச ஆரம்பித்துவிடுவார்கள். மாசியில் கண்மாயின் நடுவில் ஆடு மேயும். அடுத்த வருஷம் நிரம்புமோ என்னமோ, நிரம்பினாலும் முதலாளிக்குப் படகு ஞாபகம் இருக்குமோ என்னமோ. பூனை குட்டி போட்ட கிராமபோன் கண் முன்னாலேயே கிடந்தது.

ஒருவர் தெரியக் கூடாது என்கிறார், ஒருவர் தெரிய வேண்டும் என்கிறார். நடுவில் மூக்குக் கண்ணாடியோடு நான்.

சங்கரலிங்கத்தின் கடை

தேரடிப் படக்கடைக்காரர் பெயர் சங்கரலிங்கம். வாயில் எப்போதும் வெற்றிலை. சுவர் முழுக்கச் சாமிகள். நடுவில் உயர்ந்த ஸ்டூலில் அவர்.

"பால் கண்ணாடியா? மதுரையில சொல்லி வைக்கணும்மா. இந்த மழையில வண்டி ஏத்துனா பாதி உடைஞ்சுல்லா வரும். தை பிறந்துரும்."

"தைக்கு எனக்கு எதுக்கு? அப்போ தண்ணியே இருக்காது."

"கண்ணாடிக்கும் தண்ணிக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று முழித்தார். படகு விஷயத்தைச் சொன்னேன். ஸ்டூலை விட்டே இறங்கி வந்துவிட்டார்.

தன்னிடம் என்னென்ன தேங்கிக் கிடந்ததோ அதையெல்லாம் அவர் என் தலையில் கட்டப் பார்த்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பெரிய வீடுகளின் நிலைக்கு மேலே வளைவில் பதிக்கிற சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள். மேலே பூ அச்சடித்தது போல மேடும் பள்ளமுமான பூக்கண்ணாடி. "பச்சை எடுங்கம்மா, கண்ணுக்குக் குளிர்ச்சி" என்றார். "நீலம் எடுத்தா தண்ணி இன்னும் நீலமாத் தெரியும்லா" என்றார்.

கடை வாசலில் நின்று நீலத் துண்டு ஒன்றைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். கோபுரம் நீலமாக நின்றது. சின்ன வயதில் எங்கள் வேதக்கோவில் சன்னலில் ஒரு நீலக் கண்ணாடி உண்டு. பிரசங்கம் நீள நீள அதன் வெளிச்சம் பாதிரி ஐயரின் வழுக்கைத் தலையில் ஏறி மெல்ல மெல்ல மறுபக்கம் இறங்கும். அது காதைத் தொட்டால் ஆமென் வரப்போகிறது என்று அர்த்தம். அந்தப் பிரசங்கங்களில் ஒரு வார்த்தை எனக்கு ஞாபகம் இல்லை. அந்த நீலம் இருக்கிறது.

கடையில் மூலையோரமாகக் கனத்த வெறுங்கண்ணாடி இரண்டு சாத்தியிருந்தது. பீரோக் கதவுக்குப் போடுவது. சாமிப் படக் கண்ணாடி அப்பளம் போல இருக்கும். படகு ஆட்டத்துக்குத் தாங்காது. இது தாங்கும். ஆனால் அப்பட்டமாக எல்லாம் தெரியும்.

எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றிலும் ஓர் உள்ளங்கைத் துண்டு வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் மடியில் பொத்திப் பொத்தி வைத்திருந்ததைப் பார்த்து அடுத்த சீட்டு அம்மாள், "அப்பளமாம்மா? எந்தக் கடை?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் ராஜபாளையம் வரை படகுக் கதை சொல்லியிருக்க வேண்டும்.

இருட்டுக்குள் இருக்கிறவர்

ரங்கம்மா துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, சன்னல் தட்டியைச் சற்றே விலக்கி, கண்ணில் வைத்துப் பார்த்தார்.

சிவப்பு: "அய்யோ தேவுடா, ஊரே தீப்பிடிச்சு எரியுது."

பச்சை: "எல்லாவனுக்கும் காமாலை."

பூக்கண்ணாடியில் தெருவே துண்டு துண்டாகக் கிடந்ததாம். ஒரு மாட்டுக்கு நாலு தலை. நீலத்தை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா பொய்யி" என்று கீழே வைத்துவிட்டார்.

கடைசியில் வெறுங்கண்ணாடி. அதைக் கண்ணில் வைத்தவர் கீழே வைக்கவில்லை. அப்படியே இருந்தார்.

"அம்மா, அது ஆகாது. ஐயா சம்மதிக்க மாட்டாவ. வெட்ட வெளிச்சமாத் தெரியும்."

"யாருக்குத் தெரியும்?"

"கரையில நிக்கிறவங்களுக்கு."

என்னைப் பார்த்துச் சிரித்தார். எத்தனையோ மாதமாக நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்று சொல்லிக்கொடுத்தது அவர்.

"டீச்சரு, நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து இருட்டுக்குள்ள இருந்துதான் வெளிச்சத்தப் பாக்கேன். பகல்ல எனக்குத் தெரு பூரா தெரியும். தெருவுல போறவனுக்கு நான் தெரியமாட்டேன். அது தட்டியால இல்ல, இருட்டால. பொழுது சாயும்போது பாருங்க, இந்த வீட்டுல மொதல்ல படுதா இறங்கும், பொறவுதான் விளக்கு ஏறும். ஏன்? விளக்கு வச்சிட்டா நிலைமை மாறிரும்லா. உள்ள இருக்கவ தெரிவா, வெளியில இருக்கவன் தெரியமாட்டான்."

அந்த வீட்டில் படுதாவுக்குப் பிறகு விளக்கு என்ற வழக்கத்தை நானும் எத்தனையோ சாயங்காலம் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"பகல்ல போயிட்டுப் பகல்லயே திரும்பிருவோம். வெறுங்கண்ணாடி போட்டாப் போதும். அந்தப் பக்கப் பால் கண்ணாடியில ஒரு ஜமுக்காளத்தத் தொங்க விட்டுருங்க, வெளிச்சம் வரக் கூடாது. அவியள வெயில்ல நிக்க வச்சுக் காட்டுவோம்."

மீசை

முதலாளி முதலில் கேட்க மாட்டேன் என்றார். "வெறுங்கண்ணாடியா? ஊர் சிரிக்கும்" என்றார். பார்த்துவிட்டு வேண்டாமென்றால் பலகையே அடிக்கலாம் என்று நான் சொன்ன பிறகுதான் தலையாட்டினார். அடுத்த சனிக்கிழமை அந்தக் கனத்த கண்ணாடி இரண்டையும் வைக்கோல் சுற்றி வண்டியில் கொண்டுவந்தேன். ஆசாரி விளிம்பில் மக்குக் களிம்பு பூசிச் சன்னலில் பதித்தார்.

பாக்டரி விடுமுறை நாளில், உச்சி வெயிலில், கூண்டு வண்டியைப் படகுக் கதவோடு ஒட்டி நிறுத்தினோம். ரங்கம்மா உள்ளே ஏறிக்கொண்டார், கூடவே நான். இடது பக்கம் ஜமுக்காளம் தொங்கியது. கதவைச் சாத்தினோம். கும்மிருட்டு இல்லை, ஆனால் அரங்கு வீட்டு இருட்டு.

முதலாளி முற்றத்தில் தூரத்திலிருந்து பார்த்தார். பக்கத்தில் வந்து பார்த்தார். இன்னும் பக்கத்தில் வந்து, கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி நின்றார்.

"ரங்கம்மா? எங்கன இருக்க?"

அவருக்கு நேர் எதிரே, கைநீட்டினால் தொடலாம் என்ற தூரத்தில் ரங்கம்மா உட்கார்ந்திருந்தார். பதில் சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டார். வெளியே இருந்தவருக்குக் கண்ணாடியில் வானமும் வேப்பமரமும் தன் முகமும்தான் தெரிந்திருக்கின்றன. தலைப்பாகையைச் சரிசெய்தார். மீசையை இடது பக்கம் ஒதுக்கினார். வலது பக்கம் ஒதுக்கினார். பல்லைக் காட்டி ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

ரங்கம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் படகே ஆடியது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இம்புட்டுக் கிட்ட, பகல்ல, அவிய முகத்த நான் நின்னு பாத்ததே இல்ல டீச்சரு" என்றார்.

வெளியே முதலாளியின் குரல் கேட்டது. "சரிதான். ஒண்ணும் தெரியல. இதே இருக்கட்டும்."

தண்ணீர்

கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் படகு கண்மாயில் இறங்கியது. கரை முழுக்க ஜனம். வண்டியிலிருந்து ரங்கம்மா படகுக்கு மாறுகிறவரை ஆண்கள் எல்லோரும் வழக்கம்போல ஊர்ப் பக்கம் திரும்பி நின்றார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று இரண்டு மீன்காரர்கள் துடுப்புப் போட்டார்கள். உள்ளே ரங்கம்மாவும் நானும். முதலாளி கரையில் நின்றுவிட்டார். அவருக்குத் தண்ணீர் என்றால் பயம் என்பதை அன்றுதான் ஊர் தெரிந்துகொண்டது.

சன்னலை நிறைத்துக்கொண்டு தண்ணீர். அதற்கு அப்பால் நாணல், நாணலில் கொக்கு. அதற்கும் அப்பால் மேற்கு மலை. உச்சியில் மேகம், அய்யனார் கோவில் அருவி இருக்கும் பக்கம் ஒரு கறுத்த மடிப்பு. நான் தினம் பார்க்கிற மலைதான். ரங்கம்மா அதுவரை வீட்டு மதிலுக்கு மேலே அதன் நெற்றியை மட்டும் பார்த்திருந்தார்.

"காலோட தெரியுது" என்றார். "மலைக்குக் கால் இருக்கு டீச்சரு."

கையைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டே இருந்தார். அழுகிறாரா என்று பார்த்தேன். அழவில்லை. பசித்தவர் சாப்பிடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் மூக்குக் கண்ணாடி ஈரமாகிவிட்டது, கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

தெரிகிற கண்ணாடி ஒரு பக்கம்தானே. மலையைப் பார்க்க வேண்டுமென்றால் படகு ஒரு திசையில் போக வேண்டும்; கரையையும் ஊரையும் பார்க்க வேண்டுமென்றால் திருப்ப வேண்டும். ரங்கம்மா கேட்கக் கேட்க நான் கதவு வழியாக மீன்காரர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். இன்னொரு தடவை திருப்பச் சொல்லுங்க, இன்னும் ஒரு சுத்து, இதோட போதும். அவர்களும் முகம் சுளிக்காமல் திருப்பினார்கள். கார்த்திகைப் பொழுது. நாங்கள் கவனிக்கவே இல்லை; சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

கரைக்குத் திரும்பும்போது நன்றாக இருட்டிக்கொண்டு வந்தது. பின்னால் துடுப்புப் போட்டவர் குரல் கொடுத்தார்.

"அம்மா, உள்ள அரிக்கேன் கிடக்குல்லா, ஏத்துங்க. கரையில உள்ளவியளுக்கு நாம எங்க வாரோம்னு தெரியணும். கயிறு எறியணும்லா."

தீப்பெட்டி என் பையில் இருந்தது. எடுத்தேன். உடனே கையை நிறுத்தினேன். ஜமுக்காளம் இடது பக்கம் தொங்குகிறது. கரை இருப்பதோ வலது பக்கம்.

"அம்மா, செத்த பொறுங்க. ஜமுக்காளத்த இந்தப் பக்கம் மாத்திக் கட்டிட்டு விளக்கு ஏத்துவோம். இல்லைன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

"தெரியும்னு உங்களுக்குச் சொன்னதே நான்தான டீச்சரு" என்றார் ரங்கம்மா.

என் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கிக்கொண்டார். அரிக்கேனை எடுத்துச் சன்னலடியில் வைத்து, அவரே ஏற்றினார். திரியை ஏற்றிவிட்டு, அதன் பக்கத்தில் கரையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உள்ளே வெளிச்சம் வந்ததும் கண்ணாடியில் எங்களுக்கு எங்கள் முகம்தான் தெரிந்தது. கரை மறைந்துவிட்டது. சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் சட்டென்று நின்றது. இனி முதலாளி வீட்டு வாசலை நான் மிதிக்க முடியாது என்றே நினைத்தேன். கதவைக் கொஞ்சம் திறந்து எட்டிப் பார்த்தேன்.

கரையில் நின்ற அத்தனை ஆண்களும் திரும்பி நின்றார்கள். யாரும் சொல்லவில்லை. கூண்டு வண்டி தெருவில் வரும்போது நிற்பார்களே, அதே மாதிரி, வரிசையாக முதுகு. கயிற்றைக் கையில் வைத்திருந்தவன்கூட.

ஒரே ஓர் ஆள் மட்டும் திரும்பவில்லை. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் காலைத் தொடும் இடம் வரை இறங்கி வந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்ன தெரியுது டீச்சரு?" உள்ளேயிருந்து ரங்கம்மா கேட்டார்.

"எல்லாரும் திரும்பிட்டாவம்மா."

"அவிய?"

"பாத்துக்கிட்டே நிக்காவ."

ரங்கம்மா திரியை இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

சனிக்கிழமை

கயிற்றைக் கடைசியில் முதலாளியேதான் பிடித்து இழுத்தார். ரங்கம்மா வண்டிக்கு மாறினார், படுதா இறங்கியது, வண்டி போயிற்று. நான் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் கிட்டங்கிக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. வேலை போயிற்று என்று முடிவு கட்டிக்கொண்டுதான் போனேன். முதலாளி பஞ்சைக் கையில் வைத்துப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"டீச்சரு, இந்தச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போறியளா?"

"போறேன்யா."

"அப்பம் அந்தப் பக்கச் சன்னல் ரெண்டுக்கும் அளவு எடுத்துட்டுப் போங்க. பால் கண்ணாடியக் கழட்டிருவோம்." பஞ்சை ஊதிவிட்டார். "படகத் திருப்பித் திருப்பி மீன்காரனுக்குக் கை வலிக்குதாம்."

சனிக்கிழமை கடைக்குள் நுழைந்ததுமே சங்கரலிங்கம் ஸ்டூலிலிருந்து குதித்து இறங்கினார். "வாங்கம்மா, வாங்க! உங்க நல்ல காலம், எதுக்கும் இருக்கட்டும்னு நான் சொல்லி வச்ச பால் கண்ணாடி மதுரையில இருந்து உடையாம வந்துட்டு. எடுத்துக் கட்டட்டுமா?"

"வேண்டாம்" என்றேன். "வெறுங்கண்ணாடி கொடுங்க."